அன்ரெனாவை எண்ணாதீங்கோ: வீட்டு இன்ரநெற்றும் வயர் ரவுட்டரும்

வீட்டில் இன்ரநெற் சரியில்லை என்று வாயைத் திறந்தால் உடனே மூன்று ஆலோசனை வரும். பெரிய பக்கேஜுக்கு மாறுங்கோ. ஆறு அன்ரெனா நிக்கிற 'கேமிங்' ரவுட்டர் வாங்குங்கோ. அறைக்கு ஒன்றாக மெஷ் போடுங்கோ. முதலாவதைச் சொல்வது இணைப்புத் தருகிற கம்பனி, இரண்டாவதைச் சொல்வது கடைக்காரர், மூன்றாவதைச் சொல்வது யூரியூப்பில் பெட்டி உடைச்சுக் காட்டுகிறவர். மூன்று பேரிடமும் விற்க ஒரு சாமான் இருக்கிறது. உங்கட வீட்டுக்குள்ள என்ன நடக்குது எண்டு மூன்று பேரும் கேட்கிறதில்லை.

நாங்கள் கேட்கிறோம்.

இரவு எட்டு மணிக்கு ஒரு சாதாரண வீட்டைப் பாருங்கோ. தம்பி 60 ஜிபி கேம் ஒன்றை இறக்குகிறான். தங்கச்சிக்குச் சூமில் ஏ/எல் இரசாயனவியல் வகுப்பு. அக்கா வெளிநாட்டுக் கம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்து வேலை செய்கிறா, அவவுக்கு எட்டரைக்கு மீற்றிங். அம்மா ஸ்காபரோவில் இருக்கிற சித்தியோட வட்ஸ்அப்பில் கதைக்கிறா. அப்பாவின்ர ஃபோன் ஒருத்தருக்கும் சொல்லாமல் கலியாண வீட்டுப் படம் முந்நூறையும் கூகுளுக்கு ஏற்றிக்கொண்டிருக்குது. லைன் 100 எம்பிபிஎஸ். சூம் வகுப்பு ஒன்றுக்கு மூன்று நான்கு எம்பிபிஎஸ் தாராளம். வட்ஸ்அப் குரல் அழைப்புக்கு ஒன்று கூடத் தேவையில்லை. கணக்குப்படி எல்லாருக்கும் போதும், மிச்சமும் வரும். ஆனால் வகுப்பில் சேர் வாயைத் திறந்தபடி உறைஞ்சு நிற்கிறார், சித்தி 'ஹலோ ஹலோ' என்கிறா, தம்பியின்ர கேம் மட்டும் தடங்கலில்லாமல் இறங்குது.

இந்த வீட்டுக்கு 300 எம்பிபிஎஸ் லைன் எடுத்துக் குடுத்தாலும் தம்பியின் கேம்தான் இன்னும் வேகமாக இறங்கும். அன்ரெனாவை ஆறிலிருந்து எட்டாக்கினாலும் அதே கதை. குறை வேகத்தில் இல்லை, பங்கீட்டில் இருக்கிறது. பங்கீடு என்பது ரவுட்டரின் வேலை. அந்த வேலையை ஒழுங்காகச் செய்கிற ரவுட்டர், கடைக் கண்ணாடிக்குப் பின்னால் மின்னுகிற சாமான்களுக்குள் பெரும்பாலும் இருப்பதில்லை. உள்ளங்கை அளவில், அன்ரெனா ஒன்றும் இல்லாமல், ஐந்து ஓட்டையோட இருக்கிற வயர் ரவுட்டரில் இருக்கிறது.

2022 பெற்றோல் வரிசையை மறந்திருக்கமாட்டியள். ஒருத்தர் இருபது கானோட வந்து முன்னுக்கு நின்றால், பின்னால் ஒரு லீற்றருக்கு நிற்கிற பைக்காரனுக்கும் அதே காத்திருப்பு. ஷெட்டில் பெற்றோல் இருந்தும் அவனுக்குக் கிடைக்காது. வீட்டு லைனிலும் இதுதான் நடக்குது. கேம் இறக்குகிற கணினி ஒரே நேரத்தில் பல இணைப்புகளைத் திறந்து பொதி பொதியாக இழுக்கும். மொடெமிலும் கம்பனியின் கருவியிலும் இருக்கிற பெரிய தற்காலிகச் சேமிப்பில் அந்தப் பொதிகள் வரிசை கட்டும். அம்மாவின் குரல் இருக்கிற சின்னப் பொதி அந்த வரிசையின் வால்பக்கத்தில் நிற்கும். ஏற்றுகிற பக்கம் இன்னும் மோசம், ஏனெண்டால் எங்கட இணைப்புகளில் ஏற்றும் வேகம் இறக்கும் வேகத்தை விடக் குறைவு. அப்பாவின் ஃபோன் படம் ஏற்றத் தொடங்கினால் முழு வீடும் இழுபடும். இதற்கு 'பஃபர்ப்ளோட்' என்று பெயர். ஜிம் கெற்றிஸ் என்ற பொறியியலாளர் 2010 அளவில் இதைப் பற்றி உரக்கக் கதைக்கத் தொடங்கினார். 2012இல் கத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேகப்சனும் 'கோடெல்' என்ற தீர்வை வெளியிட்டார்கள். அதிலிருந்து வந்த 'எஃப்கியூ-கோடெல்' 2018இல் ஆவணமாக்கப்பட்டது. அதற்குப் பிறகு வந்தது 'கேக்'. எல்லாம் இலவசம், எல்லாம் திறந்த மூலம். இவ்வளவு காலமாகத் தீர்வு இருக்கத்தக்கதாக, எங்களுக்கு இன்னும் அன்ரெனா விற்கிறார்கள்.

எஃப்கியூ-கோடெல் ஒவ்வொரு இணைப்புக்கும் தனி வரிசை வைக்கும். கேக் அதற்கு மேலே போய், இணைப்பை எண்ணாமல் ஆளை எண்ணும். 2022 யூலையில் வந்த கியூஆர் எரிபொருள் அட்டை மாதிரி. அது பைக்குக்கு நாலு லீற்றர், காருக்கு இருபது என்று வாகனத்துக்குப் பங்கு வைத்தது, எத்தனை கான் கொண்டுவந்தாய் என்று பார்க்கவில்லை. கேக் அதை விடவும் நேர்மை: ஒருத்தர் பாவிக்காத பங்கு மற்றவர்களுக்குப் போய்விடும். தம்பி தனியாக இருக்கிற பகலில் முழு லைனும் அவனுக்கு. இரவு ஐந்து பேர் வந்தால் ஐந்து பங்கு.

தங்கச்சியின் வகுப்பு, அக்காவின் சம்பளம், அம்மாவின் கதை என்று எழுதியது சும்மா இல்லை. எங்கட வீடுகளில் ரவுட்டர் எங்க இருக்குது? ஹோலில் ரீவிக்குப் பக்கத்தில், இல்லாட்டி மூத்த மகனின் அறையில். குசினிக்குப் பக்கத்து அறைக்குப் போகும்போது சிக்னல் ஒரு கோடு. அந்த அறையில் யார் இருக்கினம் எண்டு எழுதத் தேவையில்லை. பாஸ்வேர்ட் தெரிஞ்சவரும் பெரும்பாலும் ஒரு அண்ணாதான். அவர் கோபிச்சால் நெற் நிற்கும். வீட்டுக்குள் இருக்கிற இந்த அதிகாரம் பற்றி நாங்கள் பெண்ணியக் கட்டுரைகளில் எழுதுகிறோம், ரவுட்டர் வாங்கும்போது மறந்து போகிறோம்.

இனி வாங்குகிற கதைக்கு வருவோம். பங்கீடு செய்வதற்கு ரவுட்டரின் மூளைக்குக் கொஞ்சம் பலம் வேணும். ஒவ்வொரு பொதியையும் பார்த்துத் தரம் பிரிப்பது சும்மா தள்ளிவிடுவதை விடக் கூடின வேலை. பெட்டியில் 'கிகாபிற்' என்று போட்டிருப்பது சும்மா தள்ளிவிடுகிற வேகம். பங்கீட்டைப் போட்டவுடன் மலிவு ரவுட்டர்களில் அது 100 தொடக்கம் 200 எம்பிபிஎஸ் அளவுக்கு இறங்கும். இதைக் காட்டித்தான் வெளிநாட்டு விமர்சகர்கள் இந்தச் சாமான்களைப் 'பழசு' எண்டு ஒதுக்குகிறார்கள். அவர்களுக்கு ஒரு கிகாபிற் லைன் இருக்கலாம். எங்கட வீடுகளில் 100 எம்பிபிஎஸ் ஃபைபர், இல்லாட்டி மழை பெய்தால் சுணங்குகிற ஃபோர்ஜீ பெட்டி. அவர்கள் ஒதுக்குகிற ரவுட்டர் எங்களுக்கு அளவெடுத்துத் தைச்ச சட்டை.

லற்வியாவின் ரீகாவில் இருக்கிற மைக்ரோடிக் கம்பனியின் 'ஹெக்ஸ்' எங்கட முதல் தெரிவு. ஐந்து கிகாபிற் போர்ட், கம்பனி விலை 60 டொலர் அளவு. டொலரை 300 ரூபா எண்டு வைச்சால் 18,000, அதற்கு மேல் 18 வீத பெறுமதி சேர் வரி, கடைக்காரரின் பங்கு. மலிவு எண்டு வாய் கூசாமல் சொல்லமுடியாதுதான், ஆனால் கேமிங் பெட்டிகளின் விலைக்குப் பக்கத்தில் வைச்சுப் பாருங்கோ. இதன் பெரிய பலம், பழைய மொடல்களுக்கும் வருடக்கணக்கில் புது மென்பொருள் காசில்லாமல் வருவது. ரவுட்டர்-ஓஎஸ் 7ஆம் பதிப்பிலிருந்து கேக்கும் எஃப்கியூ-கோடெலும் உள்ளேயே இருக்கின்றன. இதன் பெரிய பலவீனம் அமைப்புப் பக்கம். விமானி அறைக்குள் ஏறினமாதிரி இருக்கும், முழுக்க ஆங்கிலம். ஒரு பின்னேரம் ஒதுக்கவேணும். எல்லாரும் தடுக்கி விழுகிற இடம் ஒன்று: பெட்டியோட வருகிற அமைப்பில் 'ஃபாஸ்ற்ராக்' என்ற விதி போட்டிருக்கும், அது பொதிகளை வரிசைக்கு வெளியால் குறுக்கே விட்டுவிடும். அதை நிறுத்தாமல் வரிசை போட்டுவிட்டு 'வேலை செய்யேல்லை' எண்டு திட்டக்கூடாது.

லைன் 100 எம்பிபிஎஸ்ஸுக்குக் குறைவு, காசும் குறைவு எண்டால் அதே கம்பனியின் ஹெக்ஸ் லைற் போதும். அதன் போர்ட்டுகள் 100 எம்பிபிஎஸ்தான், வீட்டுக்குள் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குப் படம் மாற்றும்போது மட்டும் கடிக்கும்.

யுபிகுவிட்டியின் எட்ஜ்ரவுட்டர் எக்ஸ் பழைய சாமானாக, நல்ல விலைக்குக் கிடைத்தால் விடாதீங்கோ. கம்பனி அதைக் கிட்டத்தட்ட மறந்துவிட்டது. அதனால் ஓப்பன்-டபிள்யூஆர்டியை ஏற்றிவிட்டுப் பாவியுங்கோ. இந்த ஓப்பன்-டபிள்யூஆர்டியின் கதை எங்களுக்குப் பிடிச்ச கதை. லிங்சிஸ் கம்பனி தன் நீல ரவுட்டருக்குள் லினக்ஸை வைத்துவிட்டு மூலநிரலைக் குடுக்காமல் இருந்தது. உரிம நிபந்தனையைச் சொல்லி மென்பொருளாளர்கள் நெருக்க, 2003இல் நிரலை வெளியிடவேண்டி வந்தது. அதிலிருந்து 2004இல் பிறந்ததுதான் இது. கேட்டு வாங்கின உரிமை இருபது வருடம் கழித்து எங்கட மேசைக்கு வந்து வேலை செய்யுது.

டீபி-லிங்க் இஆர்605ஐக் கடைக்காரர்கள் விரும்பிக் காட்டுவார்கள். அமைப்பது சுகம், ஃபைபரையும் ஃபோர்ஜீயையும் சேர்த்துக் கட்டி, ஒன்று விழுந்தால் மற்றதுக்கு மாறவும் செய்யலாம். இரண்டு லைன் வைச்சிருக்கிற வீடுகளுக்கும் சின்ன அலுவலகங்களுக்கும் நல்லது. ஆனால் அதன் சொந்த மென்பொருளில் இருப்பது 'ஆளுக்கு இவ்வளவுதான்' என்ற உச்சவரம்பு. அது பங்கீடு இல்லை, ரேஷன். எங்களுக்கு மூன்றாம் இடம்தான்.

"பழைய கணினி ஒன்று மூலையில் கிடக்குது, அதையே ரவுட்டராக்கலாம்" என்கிற நண்பர்களும் எங்களுக்குள் இருக்கினம். அவர்களுக்கு ஒரு கணக்கு. 60 வாற்ஸ் கணினி நாள் முழுக்க ஓடினால் மாதத்துக்கு 43 யூனிற். ஐந்து வாற்ஸ் ஹெக்ஸ் ஓடினால் நாலு யூனிற் கூட இல்லை. கரண்ட் பில் படிப்படியாக ஏறுகிற நாட்டில், அந்த 43 யூனிற் உங்களை அடுத்த படிக்குத் தள்ளிவிடலாம். இலவசக் கணினி காலப்போக்கில் ரவுட்டரின் விலையைச் சாப்பிட்டுவிடும்.

ஆனால் மூலையில் கிடக்கிற பழைய வைஃபை ரவுட்டரைத் தேடி எடுங்கோ. உள்ளுக்குள் 16 எம்பி ஃப்ளாஷும் 128 எம்பி ராமும் இருந்து, ஓப்பன்-டபிள்யூஆர்டி பட்டியலில் அந்த மொடலும் அதன் பதிப்பு இலக்கமும் இருந்தால், புதுசு வாங்கத் தேவையே இல்லாமல் போகலாம். பதிப்பு இலக்கத்தை அடியில் ஒட்டியிருக்கிற லேபிளில் பாருங்கோ. ஒரே பெயரில் உள்ளுக்குள் வேற வேற சாமான் வைச்சு விற்பது இந்தத் தொழிலின் குணம்.

"வயர் ரவுட்டர் எண்டால் ஃபோனை எங்க குத்துறது?" என்ற கேள்வி கட்டாயம் வரும். வைஃபை ஒழியாது. கம்பனி தந்த பெட்டியிலிருந்து ஒரு வயர் புது ரவுட்டருக்கு. அதிலிருந்து ஒரு வயர் பழைய வைஃபை பெட்டிக்கு. அந்தப் பழைய பெட்டியில் டிஎச்சிபியை நிறுத்தி, வயரை 'வான்' போர்ட்டில் குத்தாமல் 'லான்' போர்ட்டில் குத்தினால் அது வெறும் வைஃபை கோபுரமாக வேலை செய்யும். அதைத் தூக்கிக் குசினிப் பக்கம் வையுங்கோ. கம்பனிப் பெட்டியின் சொந்த வைஃபையை நிறுத்திவிடவேணும். நிறுத்தாவிட்டால் ஃபோன்கள் பழைய பழக்கத்தில் அதிலேயே ஏறி, புது ரவுட்டரைச் சுற்றிக்கொண்டு போய்விடும், நீங்கள் போட்ட பங்கீடு காற்றில் போய்விடும்.

கம்பனிப் பெட்டியை 'பிரிட்ஜ்' நிலைக்கு மாற்றித் தரச்சொல்லிக் கேளுங்கோ. சில இடங்களில் செய்து தருவினம், சில இடங்களில் அரை மணி நேரம் பாட்டுப் போட்டுவிட்டு 'முடியாது' என்பினம். முடியாவிட்டால் இரண்டு ரவுட்டர் ஒன்றுக்குப் பின் ஒன்றாக இருக்கும். சூமுக்கும் வட்ஸ்அப்புக்கும் படத்துக்கும் ஒரு குறையும் வராது, சில ஒன்லைன் கேம்கள் மட்டும் முறைப்பாடு வைக்கும். உங்கட வீட்டுக்குள், உங்கட கரண்டில் ஓடுகிற பெட்டிக்கு முழுச் சாவி உங்களிடம் இல்லை என்பது மட்டும் நினைவிருக்கட்டும். கம்பனிகள் இந்தப் பெட்டிகளைத் தூரத்திலிருந்தே திறந்து மாற்றுவதற்கென்று ஒரு நெறிமுறையே உலகம் முழுக்கப் பாவனையில் இருக்கிறது. சொந்த ரவுட்டர் அதற்குப் பின்னால் நீங்கள் போடுகிற சொந்தக் கதவு.

கதவு போட்டால் பூட்டவும் வேணும். 2018இல் 'விபிஎன்ஃபில்ற்றர்' என்ற தீநிரல் குறைந்தது 54 நாடுகளில் ஐந்து இலட்சம் கருவிகளைப் பிடிச்சது, நாங்கள் மேலே புகழ்ந்த மைக்ரோடிக்கும் அதில் சேர்த்தி. அதே வருடம் அந்தக் கம்பனியின் வின்பொக்ஸ் ஓட்டை ஒன்று ஏப்ரலில் அடைக்கப்பட்டும், புதுப்பிக்காத ரவுட்டர்கள் வருடக்கணக்கில் கள்ளர் கையில் கிடந்தன. பழைய சாமான் வாங்கினால் முதல் வேலை முழுசாக அழித்து, புது மென்பொருள் ஏற்றி, பாஸ்வேர்ட் மாற்றுவது. அந்தப் பாஸ்வேர்ட் வீட்டில் இரண்டு பேருக்காவது தெரியவேணும், அதில் ஒருத்தர் அக்காவோ தங்கச்சியோ ஆகட்டும்.

அமைக்கும்போது ஒரு இலக்கம்தான் முக்கியம். உங்கட லைனின் உண்மையான வேகத்தை அளந்து, இறக்குவதற்கும் ஏற்றுவதற்கும் அதில் 90 வீதம் அளவை ரவுட்டருக்குக் குடுங்கோ. அப்போதுதான் வரிசை கம்பனியின் கருவியில் கட்டாமல் உங்கட ரவுட்டரில் கட்டும், உங்கட ரவுட்டருக்குத்தான் பங்கிடத் தெரியும். தம்பி கட்டாயம் கேட்பான், "காசு கட்டின லைனில பத்து வீதத்தை ஏன் சும்மா விடவேணும்?" அளந்து காட்டுங்கோ. அவன் கேம் இறக்கும்போது இன்னொரு கணினியில் 'பிங்' போட்டுப் பாருங்கோ. சும்மா இருக்கும்போது 30 மில்லிசெக்கன் காட்டுகிற லைன், இறக்கத் தொடங்கினவுடன் 500ஐத் தாண்டினால் வருத்தம் என்னவென்று விளங்கும். பங்கீட்டைப் போட்டபின் அது 50க்குள் நிற்கவேணும். ஒன்லைனில் சண்டை விளையாடுகிறவனுக்கு இதை விட நல்ல செய்தி கிடையாது, அவனே ஆதரவாளனாக மாறிவிடுவான். கேக்கில் 'நாட்' என்ற தெரிவைப் போட மறக்கவேண்டாம். மறந்தால் அதன் கண்ணுக்கு முழு வீடும் ஒரே ஆள். ஃபோர்ஜீ பெட்டிக்காரருக்கு வேகம் மணிக்கு மணி மாறும் என்பதால் இந்த இலக்கம் சிக்கல்தான். இரவு எட்டு மணி வேகத்தை அளந்து அதில் வைப்பதுதான் வழி, பகலில் கொஞ்சம் இழப்பீர்கள்.

2022இல் 13 மணி நேரம் கரண்ட் வெட்டினதை நினைச்சுக்கொண்டு இதையும் பாருங்கோ: ஹெக்ஸ் 12 வோல்ற்றிலும் ஓடும். 12 வோல்ற் மினி யூபிஎஸ்ஸோ பைக் பற்றரியோ போதும். கேமிங் பெட்டியை வைச்சு இதைச் செய்துபாருங்கோ, பற்றரி எவ்வளவு நேரம் தாங்கும் எண்டு தெரியவரும்.

வாடகை வீடு, சுவரில் துளை போட விடமாட்டினம் என்கிறவர்களுக்கு: பங்கீட்டுக்குச் சுவரைத் தொடவே தேவையில்லை, மொடெமுக்கும் ரவுட்டருக்கும் இடையில் அரை மீற்றர் வயர் போதும். ஆனால் முடிந்த இடத்தில் ரீவிக்கும் கணினிக்கும் வயர் இழுத்துவிடுங்கோ. வைஃபையில் ஒரு நேரத்தில் ஒருத்தர்தான் கதைக்கலாம். அசையாமல் நிற்கிற சாமானெல்லாம் வயருக்குப் போனால் காற்று ஃபோன்களுக்கு மிஞ்சும். பழைய யாழ்ப்பாணத்துக் கல்வீட்டுச் சுவர்களை ஆறு அன்ரெனாவாலும் துளைக்கமுடியாது, ஒரு வயர் கதவுச் சட்டத்தின் ஓரத்தால் போய்விடும்.

கற் 5இ வயர் போதும், கிகாபிற்றை 100 மீற்றருக்குக் கொண்டுபோகும். எட்டுக் கம்பியும் இரண்டு பக்கத்திலும் ஒழுங்காகப் பூட்டியிருக்கவேணும். வேலையைச் சுருக்க நாலு கம்பியை மட்டும் பூட்டிவிட்டுப் போகிறவர்கள் உண்டு, அப்போது 100 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் ஏறாது. பக்கத்து வீட்டுக்கு முற்றத்தால் வயர் இழுக்கிற எண்ணத்தை விடுங்கோ, ஐப்பசி இடி ஒன்று போதும் இரண்டு வீட்டு ரவுட்டரையும் சேர்த்துச் சுட. எல்லாத்துக்கும் மேலாக, செம்பு எண்டு சொல்லி அலுமினியத்துக்குச் செம்பு பூசின வயரை விற்கிறார்கள். அது வளைச்சால் முறியும், நீளம் கூடினால் சிக்னல் தேயும். ஒரு துண்டு வெட்டி, கம்பியைப் பிளேட்டால் சுரண்டிப் பாருங்கோ. உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் வேண்டாம். சுரண்டிப் பார்க்க விடாவிட்டால் அடுத்த கடைக்குப் போங்கோ.